ஊறல் பானையும் ஊறுகாய் ஜாடியும்

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து பேசியபோது, முன் வரிசையில் இருந்த ஒரு பெண் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்றைத் தூக்கிக் காட்டினாள். செடிக்கு ஊற்றுகிற, பழமும் வெல்லமும் ஊறிய கரைசல். பளபளவென்று லேபிள், அதில் ஒரு தக்காளிப் படம். "மேடம், இதை நீங்க அந்தக் காலத்துலயே சொல்லிக் கொடுத்தீங்களாமே? ஜனங்க ஈஸியா ஏத்துக்கிட்டாங்களா?" என்று கேட்டாள்.

ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொள்ளாதவர்கள் வேறு ஆட்கள். அன்று மேடையில் நேரம் இல்லை, அதனால் எழுதி அனுப்புகிறேன். செய்முறை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். இந்தக் கரைசலுக்காக நான் போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்த கதையைச் சொல்கிறேன். உட்கார்ந்ததற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. படித்து முடித்துவிட்டு யாராவது எனக்காக உச்சுக்கொட்டினால் எனக்குக் கோபம் வரும்.

அறுபதுகளின் கடைசியில் நான் கிராம சேவிகாவாக இருந்தேன். அந்தப் பதவியே உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. வீடுவீடாகப் போய்ப் பெண்களிடம் பேச வேண்டும்: புகையில்லாத அடுப்பு, குழந்தைக்குக் கொடுக்கும் கஞ்சி, கொல்லையில் காய்கறி. என் எல்லைக்குள் இரண்டு உலகங்கள் இருந்தன. ரயில் பாதைக்கு ஒரு பக்கம் தாம்பரத்துக் காலனிகள். வாத்தியார்கள், ஆபீஸ் குமாஸ்தாக்கள், ரயில்வே ஆட்கள் குடியிருந்தார்கள். இன்னொரு பக்கம் முடிச்சூர். இப்போது அங்கே அடுக்குமாடிகளைப் பார்க்கிறவர்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும், அன்று அது முழுக்க வயலும் கத்தரித் தோட்டமும். காலையில் காலனியில் சாமந்தி பற்றிப் பேசிவிட்டு மத்தியானம் முடிச்சூர் வரப்பில் நடப்பேன். இரண்டு இடத்திலும் என்னைச் "சேவிகாம்மா" என்றே கூப்பிட்டார்கள்.

இந்தக் கரைசலை எனக்கு எந்த அதிகாரியும் சொல்லித் தரவில்லை. எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு அம்மா திராட்சை ரசம் போடுவாள். வடிகட்டிய சக்கையை அவரைப் பந்தலின் ஒரு மூலையில் கொட்டுவாள். அந்த மூலை மட்டும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். வேலைக்கு வந்த பிறகு, மார்க்கெட்டில் கறுத்துப்போய்க் குப்பைக்குப் போகிற வாழைப்பழத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த அவரை மூலை ஞாபகம் வரும். சர்க்கரை ரேஷனில் அளந்துதான் கிடைக்கும், அதனால் மட்டமான கறுப்பு வெல்லத்தை வாங்கிப் பழத்தோடு ஊறப்போட்டேன். என் வீட்டுக் கத்தரியில் பலன் தெரிந்தது. அதன் பிறகே மற்றவர்களிடம் சொன்னேன். யூரியா மூட்டை கூட்டுறவு சொசைட்டிக்கு வந்தால், பெரிய பண்ணைக்காரர்கள் எடுத்த பிறகு மிஞ்சுவதுதான் சின்னக் குத்தகைக்காரர்களுக்கு. அவர்களிடம் நான் வெறும் கையோடு போய் என்ன பேசுவது?

காலனிப் பெண்கள் ஊறுகாய் ஜாடியில் போட்டார்கள். முடிச்சூரில் மண்பானையில் போட்டார்கள். உள்ளே இருந்தது ஒன்றுதான்.

முடிச்சூரில் முதலில் துணிந்தவள் கன்னியம்மா. அரைக் காணி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கத்தரியும் வெண்டையும் போட்டிருந்தாள். அவள் புருஷன் ஒரு காலத்தில் சாராயம் காய்ச்சியவன். மதுவிலக்கு கடுமையாக இருந்த நாள் அது. பிடிபட்டான், ஜெயிலுக்குப் போனான், திரும்பி வந்து ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் ஊரைவிட்டே போய்விட்டான். அவன் போன பிறகும் போலீஸ்காரர்கள் அந்த வீட்டை மறக்கவில்லை. கேஸ் ஏதாவது காட்ட வேண்டிய நேரத்தில் அந்தப் பக்கம் சைக்கிளைத் திருப்புவார்கள்.

ஊறல் என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். சாராயம் காய்ச்சுகிறவர்கள் வெல்லம், பழம், வேலம்பட்டை எல்லாவற்றையும் பானையில் போட்டு மண்ணுக்குள் புதைத்துப் புளிக்க வைப்பார்கள். அதுதான் ஊறல். காய்ச்சியிருக்க வேண்டும் என்பதில்லை, ஊறல் பிடிபட்டாலே கேஸ். கன்னியம்மா கறுப்பு வெல்லம் வாங்குவதைப் பார்த்த யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று நான் காலனியில் ஒரு ஹெட்மாஸ்டர் வீட்டு வராந்தாவில் மாதர் சங்கக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். முடிச்சூரிலிருந்து ஒரு பெண் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"சேவிகாம்மா! கன்னியம்மாவ ஜீப்புல ஏத்திகினு பூட்டாங்க. பானைய ஒடச்சிட்டு, ஒரு பாட்டில்ல புடிச்சிகினு போறாங்க. ஊறலாம்!"

வராந்தாவில் இருந்த ஒவ்வொருத்தி வீட்டிலும் அதே கரைசல் இருந்தது. ஹெட்மாஸ்டர் மனைவி மெதுவாக எழுந்து உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் கொல்லைப்பக்கம் ஜாடியைக் கவிழ்க்கும் சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

"நம்ம வீட்டுக்கும் வருவாங்களா அக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"வரமாட்டாங்க" என்றேன். அதைச் சொல்லும்போதுதான் எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வரமாட்டார்கள் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. ஏன் வரமாட்டார்கள் என்பதும் தெரிந்திருந்தது.

எங்கள் பி.டி.ஓ.வின் மனைவியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். பி.டி.ஓ. என்றால் வட்டார வளர்ச்சி அதிகாரி, என் மேலதிகாரி. அவர் வீட்டு ரோஜாவுக்கு நானே ஒரு ஜாடி கொடுத்திருந்தேன். அந்த அம்மா என்னைக் கேட் வரை வழியனுப்புவது போல வந்து, கையைப் பிடித்துக்கொண்டார். "அவருக்கு ஜாடி விஷயம் தெரியும். ஆனா போலீஸ் அது இதுன்னு அவர் பேர் வந்துடக் கூடாது. ப்ளீஸ்."

"யார் பேரும் வராதும்மா" என்று சொல்லிவிட்டு நேரே என் வீட்டுக்குப் போனேன். என் ஜாடியை எடுத்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். வழியெல்லாம் அது குலுங்கிப் புளித்த வாசனை வீசியது. எதிரே வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்தேன்.

ஸ்டேஷனில் கன்னியம்மா சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "நீ இன்னாத்துக்கு வந்தே? உன் வேலைக்கு ஏதுனா ஆவப் போவுது, போ மா" என்றாள். பிறகு சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள். "சார், நல்லாப் பாரு. இதுல பட்டை கீதா? பட்டை போடாம எவன் ஊறல் போடுவான்?"

பக்கத்தில் நின்ற ஏட்டு சிரித்தார். "பார்த்தீங்களா சார், சாமான் லிஸ்டே மனப்பாடமா வெச்சிருக்கா."

"ஜெயிலுக்குப் போனவன்கூடக் குடும்பம் நடத்தினவ நானு. தெரியாம எப்டி இருக்கும்? அவன் காச்சினான், அத்த நான் இல்லேன்னு சொல்லலியே. இது என் செடிக்கு."

அவள் உண்மையைச் சொல்லச் சொல்ல, அது அவள் கழுத்தையே இறுக்கியது. நான் என் ஜாடியை எடுத்து சப்-இன்ஸ்பெக்டர் மேஜைமேல் வைத்தேன்.

"இது என்னம்மா?"

"பானையில நீங்க எடுத்ததேதான் சார். என் வீட்டுல இருந்தது. இதையும் எழுதிக்கங்க."

அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். முகம் சுளித்தது. "நீங்க கவர்ன்மென்ட் ஸ்டாஃப். உங்களுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? எடுத்துட்டுப் போங்க. நான் எதையும் பார்க்கல."

"பானையைப் பார்த்த கண்ணு ஜாடியை ஏன் சார் பார்க்கக் கூடாது? அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது நான். அவங்க மேல கேஸ்னா என் மேலயும் கேஸ். எனக்குக் கேஸ் இல்லேன்னா அவங்களுக்கும் இல்ல."

சப்-இன்ஸ்பெக்டர் கெட்ட மனிதர் இல்லை. மாட்டிக்கொண்ட மனிதர். அவருக்கு ஒரு சுலபமான கேஸ் தேவைப்பட்டது, அதில் ஓர் அரசாங்க ஊழியை வந்து உட்கார்ந்துகொள்வாள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. எங்கள் ஆபீசுக்கு ஆள் அனுப்பினார். அரைமணியில் பி.டி.ஓ. ஜீப்பில் வந்து இறங்கினார்.

இனி வருவதைத்தான் நீங்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். நெருக்கடியில் மிரட்டுகிறவர்களை எதிர்த்து நிற்பது அவ்வளவு கஷ்டமில்லை. தப்பிக்க வழி காட்டுகிறவர்கள் வருவார்கள் பாருங்கள், அவர்களிடம்தான் கால் வழுக்கும்.

பி.டி.ஓ. என்னை ஜன்னலோரம் அழைத்துப் போய் மெதுவாகப் பேசினார். "இந்த ஜாடி நம்ம டிபார்ட்மென்ட் செயல்விளக்கத்துக்கு வெச்சிருந்த உரம்னு நான் எழுதித் தர்றேன். நீங்க வீட்டுக்குப் போகலாம். பானை விஷயம் நமக்குத் தெரியாது. அவ்வளவுதான்."

"பானையும் நான் சொல்லித்தான் சார் போட்டாங்க."

"அது யாருக்குத் தெரியும்?"

"அவங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியும்."

அவர் பெருமூச்சு விட்டார். அடுத்த வழியைத் திறந்தார். "சரி, அப்போ ரெண்டையுமே காப்பாத்தலாம். இதுல போதைங்கறதே துளிகூடக் கிடையாதுன்னு ஒரு ஸ்டேட்மென்ட் எழுதிக் கொடுங்க. விவசாய அறிவு உள்ள ஆள் நீங்க, உங்க பேச்சை எடுத்துப்பாங்க."

நான் அங்கே தடுமாறினேன். ஒரு வரி எழுதினால் கன்னியம்மா தரையிலிருந்து எழுந்து வீட்டுக்குப் போகலாம். பேனாவைக்கூட அவர் நீட்டிவிட்டார். ஆனால் அந்த வரி பொய். ஊறப்போட்ட ஆரம்பத்தில் அதில் போதை இருக்கத்தான் செய்யும், அதன் பிறகே அது காடியாக, வினிகர் மாதிரி, புளிக்கும். நாளைக்கு லேபில் அந்தப் பொய் பல்லிளித்தால், நான் சொன்ன உண்மையும் சேர்ந்து செத்துப்போகும். அப்புறம் கன்னியம்மாவுக்குச் சாட்சியே கிடையாது.

"எழுத முடியாது சார். ஆரம்பத்துல போதை உண்டு."

"போலீஸ் ஸ்டேஷன்ல நின்னுட்டுப் பேசற பேச்சா இது!" என்று அவர் குரல் உயர்ந்தது.

அதைக் கேட்டுக்கொண்டே சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார். "சரிம்மா, இன்னும் யார் யார் வீட்டுல இது இருக்கு? அதையாவது சொல்லுங்க."

பி.டி.ஓ. எனக்கு ஒரு கை தூரத்தில் நின்றிருந்தார். அவர் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அவரை நான் பார்க்கவில்லை, எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தேன். அவர் வீட்டு ரோஜாச் செடியை ஒரு வார்த்தையில் அங்கே இழுத்துப் போட்டிருக்கலாம். அந்த ஒரு வார்த்தையில் கேஸே ஆவியாகியிருக்கும் என்று பின்னால் பலபேர் என்னிடம் சொன்னார்கள். ஆகியிருக்கலாம். ஆனால் என்னை நம்பிக் கொல்லைப்புறக் கதவைத் திறந்த பெண்களின் பெயர்களை ஸ்டேஷனில் வைத்துப் பேரம் பேச எனக்கு உரிமை இல்லை. இப்போதும் இல்லை என்றே சொல்வேன்.

"என் வீட்டுல இருக்கு சார். அது போதும்" என்றேன்.

அதற்கான விலையைக் கன்னியம்மாவும் கொடுத்தாள். அன்று அவளை விடவில்லை. நானும் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்திருக்கவில்லை. பி.டி.ஓ. கிளம்பிப் போனார். சப்-இன்ஸ்பெக்டர் கடைசியில், "பாட்டிலையும் ஜாடியையும் சேர்த்தே லேபுக்கு அனுப்பறேன். உங்களைச் சாட்சியாப் போட்டுக்கறேன். இதுக்கு மேல என்னால முடியாது" என்றார். நான் கேட்டதில் பாதி கிடைத்தது. மறுநாள் கோர்ட்டில் அவளுக்கு ஜாமீன் கிடைத்தது. என் அப்பா ஒன்றும் கேட்காமல் வந்து கையெழுத்துப் போட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எங்கள் பெஞ்சில் இடம் தாராளமாக இருந்தது. நான் இன்னும் கொஞ்சம் சத்தமாகப் பாடினேன்.

விசாரணை நடந்த நாளில் அரசு வக்கீல் என்னைக் கூண்டில் நிறுத்திக் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"இதில் போதை உண்டா, இல்லையா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

"உண்டு."

கன்னியம்மாவின் வக்கீல் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். அரசு வக்கீல் முடித்தாயிற்று என்று உட்காரப் போனார். மாஜிஸ்ட்ரேட் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "போதை உண்டு என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்புறம் எப்படியம்மா இது உரம்?"

"ஆரம்பத்துல மட்டும்தான் உண்டு ஐயா. அப்புறம் புளிச்சுக் காடியாயிடும். நாங்க புளிச்ச பிறகு தண்ணியில நிறையக் கலந்து செடிக்கு ஊத்துவோம். சாராயம் காய்ச்சறவன் புளிக்க விடவே மாட்டான். புளிச்சா அவனுக்குப் பாழ். பானையில இருந்தது புளிச்சிருந்ததா இல்லையான்னு லேப்ல சொல்லியிருப்பாங்க. என் ஜாடியோட ஒப்பிட்டுப் பாருங்க."

அவர் அறிக்கையைப் புரட்டினார். இரண்டும் ஒரே மாதிரி, இரண்டும் காடி. பிறகு சப்-இன்ஸ்பெக்டரைக் கேட்டார். அடுப்பு கிடைத்ததா? இல்லை. குழாய்? இல்லை. பட்டை? இல்லை.

"பின்னே எதை வைத்துப் பிடித்தீர்கள்?"

"அவ புருஷன் பேர்ல பழைய கேஸ் ஒண்ணு இருக்குதுங்க ஐயா."

"புருஷன் கேஸுக்குப் பெண்டாட்டி பானையா?" என்றார் மாஜிஸ்ட்ரேட். அவர் குரலில் கிண்டல் இல்லை, எரிச்சல்தான் இருந்தது. விடுதலை என்று எழுதினார்.

வெளியே வந்ததும் கன்னியம்மா அழுவாள் என்று நினைத்தேன். அவள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "இத்தினி நாளு கொல்லையில மறைவா வெச்சதுதான் தப்பு. இனிமே வாசல்ல வெக்கறேன். போறவன் வர்றவன் எல்லாம் மோந்து பாத்துட்டுப் போவட்டும்" என்றாள்.

வைத்தாள். முடிச்சூர் ரோட்டைப் பார்த்த மாதிரி, வாய்க்குத் துணியால் வேடு கட்டி, பெரிய பானையாக. நான் ஒருநாள் அங்கே நின்றிருந்தபோது ஸ்டேஷன் ஏட்டு சைக்கிளில் அந்த வழியாக வந்தார். கன்னியம்மா இடுப்பில் கை வைத்து நின்று, "இன்னா ஏட்டய்யா, பாட்டில் கொண்டாந்துகீறியா?" என்று கத்தினாள். அவர் மிதியை அழுத்தி மிதித்துப் போனார். அந்த வருஷம் அவளைப் பார்த்து அக்கம்பக்கத்தில் பலர் வாசலில் பானை வைத்தார்கள். காலனியில் ஜாடிகள் திரும்ப நிரம்பக் கொஞ்சம் காலம் பிடித்தது. ஹெட்மாஸ்டர் மனைவி ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நான் அன்னிக்கு அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது" என்று ஆரம்பித்தார். "வாழைப்பழம் இருக்காம்மா?" என்று கேட்டு அந்தப் பேச்சை முடித்தேன். பயந்தவர்களைத் திட்டிக்கொண்டு இருந்தால் நம் வேலை நடக்காது.

இளைய சகாக்களே, நான் ஜெயித்தேன் என்று நீங்கள் முடிவுகட்டிவிட வேண்டாம். அரசாங்கத்தில் ஜெயித்தவர்களுக்கும் மெமோ வரும். மேலிடத்து அனுமதியில்லாத முறையைப் பரப்பினேன், துறைக்கு அவப்பெயர் தேடித் தந்தேன் என்று வந்தது. பின்னாலேயே மாற்றல் உத்தரவும் வந்தது. பஸ் எப்போதாவது போகிற படப்பைப் பக்கம், வீட்டிலிருந்து தூரம்.

பி.டி.ஓ. என்னை அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார். ஸ்டேஷனில் நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றதை அவர் மறக்கவில்லை என்று அவர் முகத்தில் தெரிந்தது. ஆனால் நன்றியைவிடக் கூச்சம்தான் அதில் அதிகம்.

"தெரியாம செஞ்சுட்டேன், இனிமே இதைப் பத்திப் பேசமாட்டேன்னு ரெண்டு வரி எழுதிக் கொடுங்க. மாற்றலை நான் நிறுத்திடறேன். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

"தெரிஞ்சுதான் சார் செஞ்சேன்."

"படப்பை எங்கே இருக்கு தெரியுமா? தனியா ஒரு பொம்பளை அங்கே போய் என்ன பண்ணுவீங்க?"

உத்தரவை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு எழுந்தேன்.

"அங்கே பெரிய சந்தை சார். சாயந்தரம் ஆனா அழுகின பழம் மலை மாதிரி கிடக்குமாம். நான் நாளைக்கே போய் ஜாயின் பண்ணிடறேன்."